ரவுண்ட்கியூப் மடல் மென்பொருளை மேம்படுத்த, நிரல் எழுதத் தெரியாத பயனர் என்ன செய்ய முடியும்?

கேள்வி, 12 மே 2025

எங்கள் வாசகர் வட்டத்தின் மின்னஞ்சலை உலாவியில் ரவுண்ட்கியூப் வழியாகப் பார்த்து வருகிறோம். மார்ச் மாதத்தில் வழங்குநர் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றினார். அப்போதிலிருந்து சந்தா ரசீது மடல்களின் தமிழ்த் தலைப்பு உடைந்து, கடைசியில் ஒரு கேள்விக்குறி நிற்கிறது. முன்பு ஒழுங்காக இருந்ததால், கோளாறு ரவுண்ட்கியூபில்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. இது திறமூல மென்பொருள், அனைவரும் பங்களிக்கலாம் என்கிறார்கள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பணம் அனுப்புவதைத் தவிர என்னைப் போன்றவர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில், 12 மே 2025, இரவு

பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோளாறு எங்கே என்று தெரியாத நிலையில் அது எங்கே என்பதில் ஐயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் 2019-இல் நான் இதே வாக்கியத்தைத்தான் எழுதினேன்.

அப்போது எங்கள் அலுவலகத்தில் சுமார் 40 பேருடைய அஞ்சல் பெட்டிகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு நாள் ஒரு மடலில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. நிரல்களையும் அவற்றைப் பற்றிய முறையீடுகளையும் வைக்கும் தளமான கிட்ஹப்பில் உள்ள ரவுண்ட்கியூப் பக்கத்துக்குப் போய், "தமிழ் சரியாக வரவில்லை" என்று ஒரே வரி எழுதி, கணினித் திரையைக் கைபேசியால் படம் பிடித்து இணைத்தேன். அந்தப் படத்தில் எழுத்துகளைவிடத் தலைக்கு மேலிருந்த குழல்விளக்கின் பிரதிபலிப்புதான் தெளிவாக இருந்தது. மறுநாள் மூன்று கேள்விகள் வந்தன: பதிப்பு எண் என்ன, அந்த மடலின் மூல வடிவத்தைத் தர முடியுமா, பிழைப் பதிவேட்டில் ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா. என்னை நம்பாமல் குறுக்கு விசாரணை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பதிலே எழுதவில்லை. சில வாரங்களில் முறையீட்டை மூடிவிட்டார்கள். அந்தக் கோபம் இரண்டு ஆண்டுகள் இருந்தது. பின்னர் வேறொரு சிறிய திட்டத்துக்கு வரும் முறையீடுகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையை நான் ஏற்றபோது, "வேலை செய்யவில்லை" என்ற ஒரே வரியோடு வருகிறவற்றை நானும் அப்படியே மூடத் தொடங்கினேன்.

13 மே 2025

எதை அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இடப்பக்கப் பட்டியில் 'அபவுட்' என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பதிப்பு எண்ணும் நிறுவப்பட்ட செருகுநிரல்களின், அதாவது கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களின், பட்டியலும் வரும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, உடைந்து தெரியும் மடலைத் திறந்து, கூடுதல் தெரிவுகளில் மூலத்தைக் காட்டும் கட்டளையைச் சொடுக்கி, அங்கு வருவதை அப்படியே சேமியுங்கள். பொதுவெளியில் இடுவதற்கு முன் முகவரிகளையும் பெயர்களையும் அழித்துவிடுங்கள். வழங்குநரிடம், மடல்களை வைத்திருக்கும் ஐமேப் சர்வரோடு ரவுண்ட்கியூப் நடத்தும் உரையாடலின் பதிவேட்டைக் கேட்டு வாங்கினால் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனென்றால் மடல்களின் உள்ளடக்கமும் அதில் பதிவாகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நம் திரைக்கும் மடலுக்கும் இடையில் ரவுண்ட்கியூப் மட்டும் இல்லை. மடல்களை வைத்திருப்பது ஐமேப் சர்வர், அனுப்புவது எஸ்எம்டிபி சர்வர், காட்டுவது உலாவி. ரவுண்ட்கியூப் இவற்றுக்கு நடுவே பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு முகப்பு மட்டுமே. தமிழில் தேடினால் மடல் கிடைப்பதில்லை என்று பலர் ரவுண்ட்கியூபைத் திட்டுகிறார்கள். மடலின் உள்ளே தேடுகிற வேலை ஐமேப் சர்வருடையது. ரவுண்ட்கியூப் கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுத்து, விடையை வாங்கி வருகிறது. தபால்காரரைப் பார்த்து, கடிதத்தில் ஏன் இப்படி எழுதியிருக்கிறது என்று கேட்கலாகாது.

15 மே 2025

நீங்கள் அனுப்பிய மூல வடிவத்தை இன்று மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மடலின் தலைப்பு வரியில் தமிழ் நேரடியாகப் போவதில்லை. ஆர்எஃப்சி 2047 என்ற இணைய வரையறைப்படி அதை பேஸ்64 என்ற முறையில் வெறும் ஆங்கில எழுத்து, எண், குறிகளாக மாற்றித் துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. துண்டின் முன்னும் பின்னும் வரும் அடையாளக் குறிகள் 12 எழுத்துகளை எடுத்துக்கொள்ளும். மீதி 63-இல் பேஸ்64 மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்தாகவே நிரம்பும் என்பதால் பயன்படுவது 60 எழுத்து, அதாவது 45 பைட்டு. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு. எனவே ஒரு துண்டில் 15 தமிழ்க் குறியீடுகளே அடங்கும். குறில், நெடில், மெய் என்று நாம் எண்ணுகிற கணக்கு இதற்கு உதவாது: 'எண்' என்பதில் எ, ண, புள்ளி என மூன்று குறியீடுகள் இருக்கின்றன. ஆங்கிலத் தலைப்பு ஒரே வரியில் போய்விடும். தமிழ்த் தலைப்பு மூன்று நான்கு துண்டுகளாகும்.

ஒரு குறியீட்டை நடுவில் பிளந்து, பாதியை இந்தத் துண்டிலும் மீதியை அடுத்த துண்டிலும் வைக்கக் கூடாது என்று வரையறை கண்டிப்பாகச் சொல்கிறது. உங்கள் ரசீதை அனுப்பிய கணக்கு மென்பொருள் அந்த விதியை மீறி, குறியீட்டை நடுவில் பிளந்திருக்கிறது. ரவுண்ட்கியூப் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் படிப்பதால் கேள்விக்குறி வருகிறது. இரு தரப்பிலும் குற்றம் உண்டு. முறையீடு எழுதலாம்.

16 மே 2025

எழுத வேண்டாம். நேற்று நான் சொன்னதில் பாதி தவறு.

அனுப்புவதற்கு முன் ரவுண்ட்கியூபின் மூல நிரலில் தலைப்பைப் படிக்கும் பகுதியைத் திறந்து பார்த்தேன். வரையறை தடை செய்தும் சில மென்பொருள்கள் இப்படிப் பிளந்து அனுப்புகின்றன, ஆகவே ஒரே குறியீட்டு முறையில் அடுத்தடுத்து வரும் துண்டுகளை முதலில் ஒட்டி, பிறகு மொத்தமாகப் படிக்கிறோம் என்று அங்கேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே துண்டு பிளந்திருந்தாலும் ரவுண்ட்கியூப் தாங்கிக்கொள்ளும். நான் முந்தைய நாள் இரவே ஆவேசமாக எழுதியிருந்தால் 2019-இன் மறுபதிப்பாக முடிந்திருக்கும். இம்முறை பேஸ்64 கணக்கெல்லாம் சேர்த்த ஆடம்பரப் பதிப்பு.

எனக்கும் பிஎச்பி அரைகுறையாகத்தான் தெரியும். குறிப்புரைகளைப் படிக்க அது போதுமானதாக இருந்தது.

18 மே 2025

இம்முறை எண்ணி, ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

துண்டுகளை எல்லாம் ஒட்டிப் பைட்டுகளை எண்ணினேன். சரியாக 100. நல்ல மடலிலும் 100, உடைந்த மடலிலும் 100. கணக்கு மென்பொருள் தலைப்பை மடலுக்குக் கொடுக்கும் முன்பே நூறாவது பைட்டில் நறுக்கிவிடுகிறது. எழுதியவர் நூறு பைட்டை நூறு எழுத்தாக நினைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான்.

நீங்கள் அனுப்பிய பழைய மடல், ரசீது எண் 999. அதன் தலைப்பு "ரசீது எண் 999: வாசகர் வட்டத்தின் ஆண்டு ச" என்பதோடு நிற்கிறது. தமிழ்க் குறியீடுகள் 30, அதற்கு 90 பைட்டு. மூன்று இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, ஆறு இடைவெளி, ஆகப் பத்து. மொத்தம் 100. 'சந்தா' என்ற சொல்லில் 'ச' மட்டும் தப்பியிருக்கிறது, ஆனால் முழுதாகத் தப்பியிருக்கிறது. ரசீது எண் 1000 வந்ததும் ஓர் இலக்கம் கூடி, எல்லாம் ஒரு பைட்டு தள்ளிப்போனது. 'ச'வின் மூன்று பைட்டில் இரண்டுதான் எல்லைக்குள் நின்றது. அந்த அரைகுறை எழுத்துதான் உங்கள் கேள்விக்குறி.

ஆக, மார்ச் மாதத்தில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றாக நடந்திருக்கின்றன: வழங்குநர் ரவுண்ட்கியூபைப் புதுப்பித்தார், உங்கள் ரசீது எண் ஆயிரத்தைத் தொட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. 101-இலிருந்து 999 வரை வந்த எல்லா ரசீதும் 'ச'வோடுதான் நின்றிருக்கிறது. மடல் பட்டியலில் நீண்ட தலைப்புகளை எப்போதுமே குறுக்கிக் காட்டுவதால் யாருக்கும் அது உறுத்தவில்லை.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. "ஆண்டுச் சந்தா" என்று ஒற்று மிகுந்து வரவேண்டும். அந்த மென்பொருளின் வார்ப்புருவை எழுதியவர் 'ச்' போட மறந்திருக்கிறார். இலக்கணப்படி எழுதியிருந்தால் வெட்டு வேறிடத்தில் விழுந்து, மூன்று இலக்க ரசீதுகள் முதலிலிருந்தே உடைந்திருக்கும். சந்திப்பிழை ஒன்று இந்தக் கோளாற்றை இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறது.

இனி இந்த விவரத்தை அந்தக் கணக்கு மென்பொருள்காரருக்கு அனுப்புங்கள். ரவுண்ட்கியூபுக்கு இதில் வேலை இல்லை.

19 மே 2025

"அப்படியானால் நான் ரவுண்ட்கியூபுக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்கிறீர்கள். வர இருந்த தவறான முறையீடு ஒன்று வராமல் போயிருக்கிறது. மூன்று நான்கு பேர் சேர்ந்து பராமரிக்கும் ஒரு மென்பொருளுக்கு அது அரை நாள் வேலை மிச்சம்.

3 ஜூன் 2025

இழையின் பொருளிலிருந்து விலகவில்லை, ஆனால் அவசரம். ஜூன் 1 அன்று ரவுண்ட்கியூபின் 1.6.11, 1.5.10 என்ற இரு பதிப்புகள் வெளியாகியிருக்கின்றன. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2025-49113 என்று எண்ணிடப்பட்ட ஓட்டையை அவை அடைக்கின்றன. ரவுண்ட்கியூபில் உள்நுழைந்த ஒருவர், கோப்பைப் பதிவேற்றும் வழியில் சரிபார்க்கப்படாமல் விடப்பட்ட ஓர் அளவுருவின் மூலம் சர்வரிலேயே தன் கட்டளையை இயக்கிவிடலாம். சுமார் பத்து ஆண்டுகளாக உள்ளே கிடந்த ஓட்டை இது. உள்நுழைய வேண்டுமே, வெளியாரால் முடியாதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். நாற்பது பேரில் ஒருவருடைய கடவுச்சொல் அவருடைய வண்டி எண்ணாகத்தான் இருக்கும்.

பயனர் செய்யக்கூடியது எளிது. 'அபவுட்' பொத்தானை அழுத்துங்கள். எண் பழையதாக இருந்தால் வழங்குநருக்கு எழுதுங்கள். எங்கள் சர்வரில் நானே இன்று அதிகாலை நிறுவினேன். ரவுண்ட்கியூபுடன் வரும் 'இன்ஸ்டால்-டு' என்ற ஸ்கிரிப்ட், பழைய அமைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு புதியதை மேலே இட்டுவிடுகிறது. காப்பு எடுத்த நேரத்தைக் கழித்தால் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொரு வேண்டுகோள். நீங்களே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தால் பொது முறையீட்டுப் பக்கத்தில் எழுதாதீர்கள். பராமரிப்பவர்களுக்குத் தனியாக எழுதுங்கள். 2023-இல் மடலுக்குள் வைத்த எஸ்விஜி வகைப் படத்தின் வழியாகத் தீங்கு நிரலைப் புகுத்திய ஒரு கும்பல், ஓட்டை அடைக்கப்படுவதற்கு முன்பே ஐரோப்பிய அரசு அலுவலகங்களின் மடல்களைக் குறிவைத்தது. இசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைப் பராமரிப்பவர்களிடம் நேரே தெரிவித்ததால், திருத்தம் சில நாட்களில் வந்தது.

12 ஜூன் 2025

திருத்தம் வெளியாகி இரண்டு நாட்களுக்குள், பழைய நிரலையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தே தாக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இணையத்தில் இன்னும் புதுப்பிக்கப்படாமல் 84,000-க்கும் மேற்பட்ட நிறுவல்கள் இருப்பதாக இணையப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஷேடோசர்வர் அமைப்பு எண்ணியிருக்கிறது. உங்கள் வழங்குநர் "விரைவில் கவனிக்கிறோம்" என்று பதில் எழுதியதாகச் சொன்னீர்கள். தினமும் ஒரு மடல் எழுதுங்கள். தொல்லை கொடுப்பதும் ஒரு பங்களிப்பே.

22 ஜூன் 2025

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. ரவுண்ட்கியூபின் சொற்கள் டிரான்சிஃபெக்ஸ் தளத்தின் வழியாக மொழிபெயர்க்கப்படுகின்றன; நிரலைத் தொட வேண்டியதே இல்லை. ஆனால் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டு மொழிபெயர்க்கக் கூடாது, திரையைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும்.

நான் முதன்முதலில் எங்கள் அலுவலக நிறுவலுக்காக மட்டும் சொற்களைத் தமிழாக்கியபோது, 'கம்போஸ்' என்பதை அகராதியைப் பார்த்து 'இயற்று' என்று எழுதினேன். கணக்குப் பிரிவில் இருந்த அம்மையார் ஒருவர் அந்தப் பொத்தானை ஒரு வாரம் தொடவே இல்லை. விடுமுறைக் கடிதம் எழுதுவதற்கு 'இயற்று' எதற்கு, அது வெண்பா எழுதுகிறவர்களுக்கானது என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். இப்போது 'எழுது' என்றிருக்கிறது.

அடுத்து, மடல் பட்டியலின் அடியில் வரும் வரி. ஆங்கில மூலத்தில் 'ஃப்ரம்', 'டு', 'கவுண்ட்' என்று மூன்று சொற்கள் டாலர்க்குறியோடு நிற்கும். இயங்கும்போது அவற்றின் இடத்தில் எண்கள் வந்து அமரும். நான் உற்சாகத்தில் அவற்றையும் தமிழாக்கினேன். மறுநாள் எல்லோருடைய திரையிலும் எண்ணுக்குப் பதிலாக "$மொத்தம்" என்று வந்தது; யாருக்கோ பணம் வந்திருக்கிறது என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். அந்த மூன்றும் அப்படியே இருக்க வேண்டும், ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் மொத்த எண்ணிக்கை கடைசியில் வரும். நமக்கு "120 மடல்களில் 1 முதல் 50 வரை" என்று முதலில் வந்தால்தான் இயல்பு.

தேடல் முடிவைச் சொல்லும் வரியில் இன்னொரு சங்கடம் உண்டு. எண் ஒன்றானாலும் நூறானாலும் ஒரே வாக்கியம்தான். "1 மடல்கள் கிடைத்தன" என்று திரையில் வரும்போது பல்லில் கல் கடித்தது போல இருக்கும். "கிடைத்த மடல்கள்: 1" என்று திருப்பிப் போட்டால் ஒருமை பன்மைச் சிக்கல் தெரியாமல் போகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

29 ஜூன் 2025

போன வாரம் எழுதியிருக்க வேண்டியது விட்டுப்போயிற்று: இணைப்பை நினைவூட்டும் செருகுநிரல். மடலில் 'இணைத்திருக்கிறேன்' என்று எழுதிவிட்டுக் கோப்பை இணைக்காமல் அனுப்பப் போனால், மறந்துவிட்டீர்களா என்று அது கேட்கும். அதை எப்படி அறிகிறது? மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. அந்தச் சொல் மடலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அந்தப் பட்டியல் ஒவ்வொரு மொழிக்கும் தனி. தமிழில் மடல் எழுதுகிறவர்களுக்கு அது உதவ வேண்டுமானால் தமிழ் அறிந்த ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். வேற்றுமொழி நிரலாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அவரால் முடியாது.

ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்களில் வேலை முடிந்துவிடும். நமக்கோ இணைப்பு, இணைப்பில், இணைப்பாக, இணைத்துள்ளேன், இணைத்திருக்கிறோம், இணைக்கப்பட்டுள்ளது என்று சொல் வால் முளைத்துக்கொண்டே போகும். எல்லாவற்றையும் எழுதினால் பட்டியல் மடலைவிட நீளமாகிவிடும். சொல்லின் ஒரு பகுதி பொருந்தினாலே போதும் என்பதைச் சோதித்தறிந்து, 'இணைப்ப', 'இணைத்த', 'இணைக்க' என்று மூன்று துணுக்குகளை வைத்தேன். 'இணைப்பு' என்பதன் கடைசி உகரம் தனிக் குறியீடாக இருப்பதால், அதை நீக்கிய துணுக்கு எல்லா வேற்றுமை வடிவங்களிலும் பொருந்துகிறது. தலைப்பை நறுக்கிய அதே குறியீட்டு முறை இங்கே நமக்கு உதவி செய்கிறது.

6 ஜூலை 2025

மேலே உள்ளதைப் பெருமையாக எழுதியதற்குத் தண்டனை. புதிய கட்டடத்துக்கு மின் இணைப்புக் கோரி எங்கள் அலுவலகத்திலிருந்து மடல் எழுதிக்கொண்டிருந்தவர், கோப்பை இணைக்க மறந்துவிட்டீர்களா என்று அது திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று வந்து நின்றார். குடிநீர் இணைப்பு, தொலைபேசி இணைப்பு, இணைப்புப் பாலம் என்று நமக்கு இணைப்புகள் பல. 'இணைப்ப' என்பதை நீக்கி, 'இணைப்பில்', 'இணைப்பாக' என்ற இரண்டை மட்டும் வைத்திருக்கிறேன். "மின் இணைப்பில் கோளாறு" என்று யாராவது எழுதும் நாள் வரை தாங்கும்.

20 ஜூலை 2025

பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்று மே மாதம் எழுதியிருந்தேன். பணம் வேண்டாம் என்பது என் கருத்தல்ல. பணம் மட்டும் போதாது என்பதற்கு ரவுண்ட்கியூபின் வரலாற்றிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. 2015-இல் 'ரவுண்ட்கியூப் நெக்ஸ்ட்' என்ற பெயரில், எல்லாவற்றையும் புதிதாக எழுத இண்டிகோகோ தளத்தில் நிதி திரட்டினார்கள். 80,000 டாலர் இலக்கையும் தாண்டிப் பணம் வந்தது. அந்தப் புதிய மென்பொருள் வெளிவரவே இல்லை. மாறாக, 2005-இல் தாமஸ் ப்ரூடர்லி தொடங்கிய பழைய நிரலே படிப்படியாகத் திருத்தப்பட்டு, 2019 நவம்பரில் 1.4 பதிப்பில் 'எலாஸ்டிக்' என்ற தோற்றத்தைப் பெற்று, கைபேசித் திரைக்கும் பொருந்தியது.

அதைக் காட்டிப் பணம் கொடுக்காதீர்கள் என்று சில ஆண்டுகள் நான் சொல்லிவந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 2023 நவம்பரில் ரவுண்ட்கியூப், நெக்ஸ்ட்கிளவுட் என்ற இன்னொரு திறமூல மென்பொருள் நிறுவனத்தோடு இணைந்தது. ஜூன் மாதம் போன்ற அவசரத்தில் திருத்தம் எழுதுகிறவருக்கு மாதச் சம்பளம் வருவது நமக்கும் நல்லதே.

3 ஆகஸ்ட் 2025

கணக்கு மென்பொருள்காரர் பதில் எழுதியிருக்கிறார் என்று இந்தக் கேள்வியைக் கேட்டவர் தெரிவித்தார். கோளாறு சரிசெய்யப்பட்டதாம்: 100 என்பதை 200 ஆக்கியிருக்கிறார்கள். பைட்டா எழுத்தா என்ற கேள்விக்கு விடை இல்லை. உங்கள் ரசீதின் முழுத் தலைப்பு, "சந்தா பெறப்பட்டது" வரை, நான் எண்ணியபடி 147 பைட்டு. ஒற்றெழுத்தைச் சேர்த்தால் 153. நீளமான பெயருடைய ஏதாவது ஒரு சங்கம் அந்த மென்பொருளை வாங்கும்போது இந்த இழையை மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

3 ஆகஸ்ட் 2025, இரவு

2019-இல் மூடப்பட்ட என் முறையீட்டை இன்று தேடிப் பிடித்தேன். மூன்று கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. பதிப்பு 1.3 என்று இப்போது சொல்ல முடியும். பதிவேட்டைப் பழைய சர்வரோடு சேர்த்து எப்போதோ அழித்துவிட்டோம். அந்த மடலும் என்னிடம் இல்லை.